அண்ணிக்கு அள்ளிப் போட்ட பலம்

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அண்ணன் புகழேந்திக்கு,

தங்கை அஸ்வினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, அண்ணி, நான் நால்வரும் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. உன்னோடு போனில் பேசிவிட்டு வரும் அண்ணியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைக்காதே. போனில் பேசினால் பக்கத்தில் அண்ணி இருப்பார். விஷயமே அண்ணியைப் பற்றியது.

ஓசூர் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு பொறுப்புகளை என்னிடம் விட்டாய். ஒன்று, நீ தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. "நம்ம வூட்ல மொதமொத டிகிரி வாங்கினவ நீதான், இனிமே நீயே கதை சொல்லு" என்று இருபது முகப் பகடையை என் கையில் வைத்தாய். இன்னொன்று, அங்கே வீடு கிடைக்கும்வரை அண்ணி வாடிப்போகாமல் பார்த்துக்கொள்வது. நான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். அங்கேதான் வினை ஆரம்பம்.

நான் கதை சொல்வேன், நீங்கள் கதைக்குள் ஓர் ஆளாக இருப்பீர்கள், ஜெயிப்பதையும் தோற்பதையும் பகடை சொல்லும் என்று அண்ணிக்கு விளக்கினேன். அவருடைய ஆளுக்குப் பலம், புத்தி, வேகம் எல்லாவற்றுக்கும் தாளில் எண் எழுத வேண்டும். பகடையில் விழுவதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் புது மருமகள் முதன்முதலாக வந்து உட்கார்ந்திருக்கிறார். பலம் பன்னிரண்டு என்று நானாகவே எழுதினேன். "போதும் பாப்பா" என்றார். போதும் என்பவர்களுக்கு இன்னொரு கரண்டி வைத்துத்தானே நமக்குப் பழக்கம், பதினெட்டாக்கினேன். கையைக் குறுக்கே நீட்டி மறித்தார், இருபதாக்கினேன். பிறகு எதையும் பிளக்கும் வாள், பறக்கும் செருப்பு, நெருப்பு தீண்டாத கவசம் என்று சீர்வரிசை மாதிரி எழுதிக்கொண்டே போனேன், தாளின் பின்பக்கமும் நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம், நான் ஒரு மாதம் யோசித்து உண்டாக்கிய ஏழு தலைப் பூதத்தை அண்ணி ஒரே வீச்சில் முடித்துவிட்டு "அப்புறம்?" என்றார். அதற்கடுத்த வாரம் கோட்டை. அதற்கும் அடுத்த வாரம் கடல். கதைக்குள் பாணனாக வரும் வல்லரசு, அவன்தான் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேலை பார்க்கிறானே, ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டான். "இன்னா அஸ்வினி, எல்லாத்தையும் உங்க அண்ணியே முடிச்சிடறாங்க. நாங்க இன்னாத்துக்கு வர்றோம், போண்டா துன்றதுக்கா?" திருடியாக வரும் என் கல்லூரித் தோழி வேணி, "குடுத்த வாளத் திருப்பி வாங்கு, இல்லாட்டி அடுத்த வாரத்தோட நாங்க நின்னுக்குறோம்" என்றாள். புது மருமகளுக்குப் போட்டதை எப்படியண்ணா கழற்றச் சொல்வது? அவர்கள் நின்றால் விளையாட்டும் நின்றுவிடும். ஞாயிறுதோறும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் விளையாடும் அந்த மூன்று மணி நேரம்தான் என் குரல் நடுங்காமல் வருகிற நேரம் என்று உனக்குத் தெரியும். ஆபீசில் இந்த ஒரு வருடத்தில் "சரிங்க சார்" தவிர நான் சொன்னதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிவிடலாம்.

வாரம் முழுக்க யோசித்தேன். வாளால் வெட்ட முடியாதது எது? போன ஞாயிறு கதையில் இளவரசிக்குக் கல்யாணம் நிச்சயித்தேன். சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் முறைப்படி பத்திரிகை வைத்துவிட்டு வரவேண்டும், அதுதான் அண்ணிக்கு ராஜா கொடுத்த வேலை.

"இவ்ளோதானா? பறந்துக்கினே போய் மேலேர்ந்து போட்டுடறேன்" என்றார் அண்ணி.

"மேலேர்ந்து போட்டா அது நோட்டீஸுங்க அண்ணி" என்றான் வல்லரசு.

அண்ணி முதன்முதலாகத் தயங்கினார். இறங்கி நடந்து போனார். வழியில் இருக்கிறதே என்று இளவரசியின் சின்ன மாமாவுக்கு முதலில் வைத்துவிட்டார். சேதி கேட்டு, பெரிய மாமா வாசல் கதவைச் சாத்திக்கொண்டார். வாளை எடுத்த அண்ணியிடம் வேணி, "கதவ ஒடச்சிட்டா வாங்கிப்பாராங்க?" என்றாள். வாள் உறைக்குள் போயிற்று. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் வேலை வந்தது. பெரிய மாமாவுக்கு என்ன பிடிக்கும் என்று வேணி கொல்லைப்புறமாகப் போய்த் துப்பறிந்தாள், வல்லரசு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் அவர் பெருமையைப் பாடினான். அண்ணி கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பெரிய மாமா கதவைத் திறக்கப் பகடையில் பதினைந்துக்கு மேல் விழவேண்டும். மூன்று விழுந்தது. பிறகு ஏழு. அண்ணி என்னையே பார்த்தார்.

"பாப்பா, இது கதை மாதிரி தெரியலியே. யாரு இந்தப் பெரிய மாமா?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த மாடியில்தான் எனக்குப் பேச வருகிறதே, சொல்லிவிட்டேன். உன் கல்யாணத்துக்குச் சின்ன மாமாவுக்கு முதலில் வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ஒலக்கூர் பெட்ரோல் பங்கில் பைக்கை விட்டு இறங்காமலே பெரியவரான தாண்டவராயன் மாமாவிடம் பத்திரிகையை நீ நீட்டியதையும், அவர் கல்யாணத்துக்கு வராததையும், எட்டு மாதமாக அம்மா தன் அண்ணன் பேரையே எடுக்காமல் இருப்பதையும். அண்ணி தாளை மடித்தார்.

திங்கட்கிழமை பீரோவில் மீந்திருந்த உங்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பழம், தாம்பாளத்தோடு ஒலக்கூருக்கு பஸ் ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். மாமா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் முடிஞ்சி எட்டு மாசம் ஆவுதேம்மா" என்றார்.

"நீங்க வரலியே மாமா. அதனால எங்களுக்கு இன்னும் முடியல" என்றார் அண்ணி.

மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். அன்று மதியம் நம் வீட்டில் சாப்பிட்டார். முதல் சோறு முடியும்வரை இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. பிறகு அம்மாவிடம், "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். அம்மா ஊற்றியது கொஞ்சமல்ல.

நான் எழுதிக் கொடுத்த இருபதில் இந்தப் பலம் இல்லை அண்ணா. நீ கட்டிக்கொண்டு வந்தவரை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை. அந்தக் கதையைச் சொன்னவள் நான்தான் என்பதிலும் கொஞ்சம். வேணியும் வல்லரசும் நிற்கவில்லை. அளவுக்கு மீறிய பலசாலியை அடக்குவது எப்படி என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது, விளையாட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் உன்னோடு இருக்கட்டும். அண்ணியின் விசாரிப்பை அவரே சொல்லிக்கொள்வார்.

அன்புத் தங்கை,
அஸ்வினி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. மாமா விளையாட்டைப் பார்க்க மாடிக்கு வந்தார், தானும் ஆடுவதாகச் சொன்னார். எட்டு மாதம் கழித்து வந்தவருக்குக் குறைத்து எழுத எனக்குக் கை வரவில்லை. பலம் நாற்பது. அண்ணிக்குக் கொடுத்ததெல்லாம் இரண்டிரண்டு. கூடவே ஒரு யானைப்படை. ஆனால் கதைக்குள் அவர் வீட்டை விட்டுக் கிளம்ப மறுக்கிறார். அவர் வராமல் யாரும் நகரக்கூடாது என்று யானைகளை ரோட்டில் குறுக்கே நிறுத்திவிட்டார். நீ நேரில் வந்து முறைப்படி அழைக்க வேண்டுமாம். வண்டியை விட்டு இறங்கி. சீக்கிரம் வா.