தரை படாத கல்

கல் இலவசம்! இதைக் கேட்டால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? ஒளியார் என்னும் சாமியார் தம் நெற்றியில் வைத்து ஒளியேற்றிய கல். தலைவலி முதல் தள்ளிப்போகும் கல்யாணம் வரை எல்லாவற்றையும் தீர்க்கும். கைப்பேசியில் ஒரு தட்டு தட்டினால் வீடு தேடி வரும். கல்லுக்குச் சல்லிக்காசு வேண்டாம். அனுப்பும் கட்டணமும் கையாளும் கட்டணமும் கொடுத்தால் போதும். எவ்வளவு என்கிறீர்களா? ஒரு மாத வீட்டு வாடகை!

வழியில் தரையில் பட்டால் ஒளி இறங்கிவிடுமாம். அதனால் அடியார்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவருகிறார்களாம். குணம் தெரியவில்லையா? எவனோ கீழே வைத்துவிட்டான். திருப்பி அனுப்புங்கள், மறுபடி ஒளியேற்றித் தருவார். மறுபடியும் இலவசம்தான். மறுபடியும் கட்டணம்தான்.

தையற்காரி ஒருத்தி அப்படி மூன்று முறை கட்டியிருந்தாள். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். இந்த மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் இடக்கண் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அறுவைக்கு வைத்திருந்த பணம்தான் ஒளியாரிடம் போய்க்கொண்டிருந்தது.

அவள் தங்கைக்குப் பார்சல் கிடங்கில் எடை போடும் வேலை.

"அக்கா, அந்தப் பொட்டியெல்லாம் எங்க கிடங்குக்குத்தான் வருது. லாரியிலேருந்து தூக்கி வீசுறாங்க. நேத்து ஒண்ணு என் கால்மேலயே விழுந்துச்சு."

"அதான் உங்க அத்தானுக்குக் குணமாகலை! ஒளியார் சொன்னது சரியாப் போச்சு பாத்தியா?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மாதிரி பக்தி இருக்கிறதே, ஆதாரத்தைக் காட்டினால் அதையும் விழுங்கி ஏப்பம் விடும்.

"சரி, இந்தத் தடவை நானே பொட்டியை ஒட்டித் தரேன். நேர்லயே கொடுத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஒளியார் அருள் வழங்கும் அரங்கில் நிற்க இடமில்லை. அக்கா தங்கையோடு மேடையேறி, கணவரின் கண்ணையும் மூன்று முறை பணம் கட்டியதையும் சொல்லிப் பெட்டியை நீட்டினாள். ஒளியார் அதைப் பிரிக்காமலே நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினார்.

"கல்லு அழுவுதும்மா! மூணு தடவை தரையில பட்டிருக்கு. உன் புருஷன் கண்ணுக்காகத் தவிக்குது!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. அக்கா கண் கலங்கினாள்.

"கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க ஐயா" என்றாள் தங்கை.

"பிரிச்சா ஒளி போயிடும்!"

"வீட்டுக்கு வந்தா எல்லாரும் பிரிக்கத்தானே செய்யறோம்? அப்ப மட்டும் போகாதா?"

தங்கையே அவர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினாள். கத்தரியால் வெட்டிக் கவிழ்த்தாள். பாதி தேய்ந்த சோப்புத்துண்டு ஒன்று மேடையில் விழுந்தது. அதில் ஒரு தலைமுடி வேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கல்லு எங்க வீட்டு மேசைமேல இருக்கு. இது நாங்க குளிக்கிற சோப்பு. இது எதுக்குங்க அழுவுது?"

ஒளியார் பக்கவாட்டில் கண்ணைக் காட்டினார். ஓர் அடியார் ஓடிப்போய் மைக்கை அணைத்தார். முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் எழுந்து பணிவாகக் கேட்டார்:

"ஐயா, அந்தச் சோப்பும் இலவசம்தானுங்களா? அனுப்புற கட்டணம் எவ்வளவு?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அக்கா சோப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒளியாரின் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

"மூணு தடவை கட்டின பணத்தை எடுங்க. என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் பண்ணணும்."

அத்தனை பேர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வார்? எண்ணிக் கொடுத்தார். அடுத்த வாரமே அறுவை முடிந்தது, கண் தப்பியது.

நம் எல்லாருக்கும் உண்மையிலேயே இலவசமாக வந்த பொருள் ஒன்று உண்டு. அனுப்பும் கட்டணம் கிடையாது, கையாளும் கட்டணமும் கிடையாது. இரண்டு காதுக்கும் நடுவில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பொட்டலத்தை எப்போது ஐயா பிரிக்கப் போகிறீர்கள்?