வென்டெலின் வலது கை

"குண்டூசி குத்துற மாதிரின்னா, எப்படி?" என்று கேட்டாள் மருத்துவ மாணவி.

வென்டெல் விழித்தார். அவருக்கு எழுதிக் கொடுத்த வசனம் அதோடு முடிந்திருந்தது. பிறந்ததிலிருந்து பேசும் ஆங்கிலத்தில் அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

அமெரிக்காவின் டுலூத் நகர மருத்துவக் கல்லூரியில் அவர் பொய் நோயாளி; நோயாளியாக நடிப்பதுதான் வேலை. பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்கள் அவரிடம் நோய் விசாரித்துப் பழகுவார்கள். இன்று அவருக்கு மணிக்கட்டு நரம்புக் கோளாறு. போன மாதம் வயிற்றுவலிக்காரராக இருந்தபோது, சொந்தமாக இரண்டு வலிகளைச் சேர்த்து ஒரு பையனைக் குழப்பிவிட்டார். "இன்னொரு தடவை வசனத்தை மாத்துனா உங்களுக்கு இங்க வேலை இல்ல" என்று மேலாளர் ஜனீன் சொல்லியிருந்தாள்.

மனைவி இறந்த பிறகு, உங்களுக்கு என்ன செய்கிறது என்று யாராவது அவரைக் கேட்கும் இடம் இது ஒன்றுதான்.

"சோடா குடிச்சா மூக்குல ஏறுமே, அது விரல்ல ஏறுற மாதிரி" என்றார்.

"எப்ப வருது?"

ராத்திரி என்பதுதான் சரியான பதில். சோடாவைச் சமாளிக்கும் பதற்றத்தில், "போன் அடிக்கும்போது" என்று வந்துவிட்டது.

"எந்த போன் வந்தாலுமா?"

"பொண்ணு கூப்பிட்டா மட்டும்." அதைச் சரிக்கட்டப் பார்த்தார். "அவ கூப்பிடறதே அபூர்வம். அதனால பெரிய தொந்தரவு இல்ல."

"வேற எங்கயாச்சும் இப்படி ஆகுதா?"

"பிடரில. பள்ளிக்கூடத்துப் பசங்க பேண்ட் வாசிச்சுட்டுத் தெருவுல போனா முடியெல்லாம் நிக்கும். என் பெண்டாட்டி படிக்கறப்ப அதுல டிரம்பெட் வாசிச்சவ. அதுக்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது."

மாணவியின் பேனா நின்றது.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்பவும் லேசா இருக்கு. நீங்க கேக்கறீங்கல்ல, அதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேரம் முடிந்த மணி அடித்ததும் வெளியே போனாள்.

ஜனீன் உள்ளே வந்தாள். வென்டெல் ஏற்கெனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

"நான் கிளம்பறேன் ஜனீன். நீங்க திட்ட வேண்டாம்."

"உக்காருங்க வென்டெல். அவ மாணவியே இல்ல, நீங்க வசனத்தை மாத்துறீங்களான்னு பாக்க நாங்க அனுப்புன நடிகை. ஆனா அவ வசனத்துலயும் அழுகை கிடையாது, அதனால வேலையை விட்டு எடுக்கறதுன்னா ரெண்டு பேரையும்தான் எடுக்கணும்."