ஆஸ்பத்திரி அருவியில் வெள்ளம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை செந்தில்வேல் அவர்களுக்கு, தென்காசி ஆஸ்பத்திரி நாலாம் நம்பர் கட்டிலிலிருந்து மாமனார் பரமசிவன், ஏட்டு (ஓய்வு), எழுதிக்கொள்வது. சென்னையில் தாங்களும் தங்கள் தாயாரும் சுகமாயிருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டுகிறேன். இங்கே என் வலது முழங்காலைத் தவிர அனைவரும் நலம்.

நிற்க. எழுதத்தான் முடிகிறது, நிற்க முடியவில்லை. மூட்டு மாற்றி எட்டு நாள் ஆகிறது. காலை மடக்கினால் நான் போடுகிற சத்தம் மேலகரம் வரை கேட்கிறதாம். வலி தெரியாமலிருக்க, வி.ஆர். என்று ஒரு பெட்டியை நேற்றுக் கண்ணில் மாட்டினார்கள். பிசியோ பிள்ளை ஸ்ரீவித்யா, "அண்ணாச்சி, உள்ள அருவி விழும். நீங்க அதைப் பாருங்க, நான் காலை மடக்குதேன்" என்றாள். குற்றாலத்துக்காரனுக்கே அருவியா என்று சிரித்துக்கொண்டுதான் மாட்டினேன். பொய் சொல்லக்கூடாது மாப்பிள்ளை, அசல் அருவி. திரும்பினால் பாறை, அண்ணாந்தால் மரம். வெளிநாட்டு ஜனம், தலையில் சொட்டு எண்ணெய் இல்லாமல் குளிக்குது. கம்பி இல்லை, போலீஸ் இல்லை. ஐந்தருவியில் பதினோரு சீசன் பந்தோபஸ்து பார்த்தவன் இதைச் சகிப்பேனா? சகித்தேன். வலிகூட மறந்துபோச்சு. திடீர்னு பார்த்தா தண்ணி சிவக்குது. சாயங்கால வெளிச்சமாம், பிறகு சொல்லுதாங்க. செந்தண்ணி வந்தா பின்னாலேயே வெள்ளம் வரும்னு நமக்குத் தெரியாதா? ரெண்டு விரலை வாயில வச்சு விசிலடிச்சேன். "வெள்ளம் வருதுலே! எல்லாரும் வெளிய வாங்க! ஏலே, சோப்பை விட்டுட்டு ஓடுலே!"

பெட்டியைக் கழற்றினால் நான் வார்டு வாசலில் நிற்கிறேன். உள்ளே ஒரு நோயாளி இல்லை. அஞ்சு பேரும் நம்ம பக்கத்து ஜனம், விசில் கேட்டால் கால் தானாகக் கிளம்பிரும். கடற்கரை என்கிற ஆலங்குளத்துக்காரர், மாவுக்கட்டுக் காலோடு எல்லாருக்கும் முந்திப் படிக்கட்டில் நிற்கிறார், தோளில் துண்டோடு. ஸ்ரீவித்யா என்னைப் பார்த்து, "ரெண்டு எட்டு வைக்க முடியலன்னு அழுதீய, இப்ப ஓடிட்டீயளே அண்ணாச்சி!" என்றாள். உடனே அங்கனயே உட்கார்ந்து முனகினேன். ஒருத்தரும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். என்னைப் பார்த்துக்கொள்ள வந்த நம்ம உமா, அன்றைக்கே சென்னைக்குத் திரும்பப் பொதிகை ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை, அது நடை இல்லை, டியூட்டி. டியூட்டியில் ஓடினதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. உமா இன்னும் பத்து நாள் இருக்கட்டும் என்று தாங்களாகவே சொல்வதுபோல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் அம்மா போன பிறகு வீட்டில் டிவிதான் பேசுது. இவள் வந்த பிறகுதான் என்னைத் திட்ட ஒரு ஆள் இருக்கு. அவள் கிளம்பினால் எனக்குத் தாங்காது, அவ்வளவுதான். இது அவளுக்குத் தெரிய வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படிக்காமல் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லி அவளிடமே கொடுக்கிறேன். ஏட்டு பெற்ற பிள்ளை, சொன்னால் சொன்னபடி நடப்பாள்.

சாரல் போல் குறையில்லாமல் தங்கள் குடும்பம் செழிக்க ஆசீர்வதிக்கும்,
பரமசிவன்.

பின்குறிப்பு: ஏங்க, உமா எழுதுதேன். படிச்சிட்டேன். மூணு நாளைக்கு முன்னாலயே, மத்தியானம் நான் தூங்குதேன்னு நெனச்சு, அப்பா கடற்கரை அண்ணாச்சி கட்டில் வரைக்கும் நடந்துபோயி அல்வா தின்னுட்டு வந்ததைப் பாத்தேன். டாக்டர்ட்ட மூச்சு விடல. விட்டா நான் கிளம்பணுமே. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணியாச்சு. நீங்க சொன்னதாவே அப்பாட்ட சொல்லுதேன். நீங்க ஒரு போன் போட்டு, கால் எப்படி இருக்குன்னு கொஞ்சம் கவலையாக் கேளுங்க.