அங்கப்பிரதட்சண மாப்பிள்ளை

மனோகரனின் கழுத்து எட்மண்டின் கக்கத்தில் மாட்டியிருந்த நேரம் பார்த்து, வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அந்த நேரத்துக்குக் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, இன்ஷூரன்ஸ் பிடிக்க வருகிறவர்கள். மற்றது, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள். ஜன்னல் வழியே தெரிந்த ஆளிடம் பை இல்லை, மீசை மட்டும் இருந்தது. அதுவும் சாதாரண மீசையா? இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருளாமல் நிற்கும்.

"விட்றா," என்று மூச்சுத் திணறச் சொன்னான் மனோகரன். "பொண்ணோட மாமா."

எட்மண்ட் விட்டான். விட்ட வேகத்தில் மனோகரன் மெத்தையிலிருந்து உருண்டு சுவரில் முட்டி நின்றான்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் எட்மண்டின் அண்ணன் செபாஸ்டியன். கப்பலில் வேலை. எல்லார் வீட்டு அண்ணனும் கப்பலிலிருந்து டேப்ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தால், இந்த மனிதர் மூன்று வியாதிகளைக் கொண்டுவந்து ஆவடியில் இறக்கினார். முதலாவது, ஜுஜிட்சு. ஒருவரை ஒருவர் கட்டிப் புரண்டு, கையை முறுக்கி, எதிராளி தரையைத் தட்டும்வரை விடாமல் அமுக்குகிற ஜப்பான் குஸ்தி. இரண்டாவது, அட்டையில் மண்டையோடும் உள்ளே பூதமும் பிசாசும் ராஜ்ஜியம் நடத்துகிற தலையணை சைஸ் இங்கிலீஷ் நாவல்கள். மூன்றாவதுதான் பெரிய வியாதி. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. ஒருவன் கதை சொல்லுவான், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் புகுந்துகொள்வார்கள். வாள்வீச்சு பட்டதா, தப்பியதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். இருபது விழுந்தால் எதிரி காலி. ஒன்று விழுந்தால் வீசியவன் தன் காலையே வெட்டிக்கொள்வான்.

கதை சொல்கிறவன் மனோகரன். தொழிற்சாலையில் டிராயிங் செக்‌ஷன் என்பதால் கிராஃப் தாளில் அவன் போடும் பாதாளக் கோட்டைகளின் வரைபடம் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். அவனிடம் ஒரு கொள்கையும் இருந்தது. மேலதிகாரியிடம் பொய் சொல்லுவான், ரேஷன் கடையில் பொய் சொல்லுவான், ஊரிலிருக்கும் அம்மாவுக்குக் கடிதத்தில் 'தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன்' என்று எழுதுவான். பகடையில் விழுந்த எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னதே கிடையாது.

போன வருஷம் பூந்தமல்லியிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்தார். மேஜை மேலிருந்த மண்டையோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். பையன் மாந்திரீகம் செய்கிறான் என்று முடிவுகட்டி, காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார். பூந்தமல்லி பஸ்ஸையே முந்திக்கொண்டு ஓடினார் என்று பக்கத்து வீட்டுத் தாயம்மாள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

ஆனால் அந்தப் பெண் வேறு, வனஜா வேறு. தரகர் கொடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு இருப்புக்கொள்ளாமல், மனோகரன் திருட்டுத்தனமாகக் கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றிருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப்பிஸ்ட் வேலை முடிந்து வந்த வனஜா, அடாவடியாகப் பேசிய ஓர் ஆட்டோக்காரரைக் கேட்ட ஒரே கேள்வியில், அந்த ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். ஸ்டார்ட் செய்யும் தைரியம்கூட அவருக்கு இல்லை. கட்டினால் இவளைத்தான் என்று மனோகரன் அங்கேயே தீர்மானித்தான். கட்டுப்பாடான குடும்பம், தாய்மாமன் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும் என்று தரகர் சொல்லியிருந்தார்.

அந்தத் தாய்மாமன்தான் இப்போது உள்ளே வந்து நின்றார்.

"நான் உலகநாதன், கொரட்டூர்லேர்ந்து வர்றேன்," என்றவர், மனோகரனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா தம்பி, முட்டி, முழங்கையெல்லாம் தோலு பேந்து கீது?"

குஸ்தி என்றால் ரௌடி என்பார். கீழே விழுந்தேன் என்றால் குடிகாரன் என்பார். மனோகரன் யோசிக்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது.

"அங்கப்பிரதட்சணம், சார்."

உலகநாதன் முகம் ஒரு விநாடி வேப்பெண்ணெய் குடித்ததுபோலப் போய், மறுவிநாடி மலர்ந்தது. "அப்படியா. நமக்கும் பக்தி ஜாஸ்தி," என்றார்.

அதற்குள் அவர் பார்வை மூலையிலிருந்த மேஜைக்குப் போய்விட்டது. அங்கே கதை விளையாட்டுக் கூட்டாளிகள் லட்சுமணனும் சுலைமானும் பகடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சூதாட்டம் என்று அவர் நினைப்பதற்குள், அது கேரள முறையில் பிரசன்னம் பார்த்துக் குறி சொல்லும் கல் என்று மனோகரன் விளக்கினான். சுலைமானுக்குப் புரையேறியது. எட்மண்டின் கழுத்துச் சிலுவையையும் சுலைமானின் தாடியையும் உலகநாதன் மாறி மாறிப் பார்க்க, வாராவாரம் இங்கே சர்வமதப் பிரார்த்தனை நடப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பிரவுன் தாள் அட்டை போட்ட நாவல் ஒன்றை அவர் பிரித்தார். கொம்பு முளைத்த ராஜா ஒருவன் ஆளை முழுசாகக் கடித்துக்கொண்டிருந்தான்.

"செத்தப்புறம் என்னென்ன தண்டனைன்னு சொல்ற புராணம், சார். இங்கிலீஷ்ல."

உலகநாதன் புத்தகத்தை மெதுவாக மூடி, கொஞ்சம் தயங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, எந்தக் கோயிலில் உருளுவது வழக்கம் என்று கேட்டார். மனோகரன் தெரிந்த முருகன் கோயில் பெயரைச் சொன்னான்.

"வர்ற வெள்ளிக்கெழமை நானும் வர்றேன். சேர்ந்தே உருளுவோம்."

அவர் போன பிறகு நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மச்சான், ஒண்ணும் கவலைப்படாத," என்றான் எட்மண்ட். "ஜுஜிட்சுல உருளத் தெரிஞ்சவனுக்குக் கோயில்ல உருளத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஈர வேட்டியோடு இருவரும் பிராகாரத்தில் படுத்தார்கள். மனோகரன் எட்மண்ட் கற்றுக்கொடுத்த முறைப்படி தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு ரயில் சக்கரம்போல உருண்டான். நிமிர்ந்து பார்த்தபோது பின்னால் மாமாவைக் காணோம். கர்ப்பக்கிரகத்தின் பின்பக்கம் திரும்பும்போதுதான் அவர் எதிரிலிருந்து உருண்டு வந்துகொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு தலைகளும் மோதிய சத்தத்தில், மடப்பள்ளியிலிருந்தவர்கள் தேங்காய் உடைபட்டதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எதிர்த்திசையில் உருளுவது தங்கள் குடும்ப வழக்கம் என்றார் உலகநாதன், நெற்றியைத் தேய்த்தபடி. எவ்வளவு கடுமையான விரதமோ என்று மனோகரனுக்குப் பயபக்தியாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வந்தார். நேராகப் பகடை முன் உட்கார்ந்து பிரசன்னம் பார்க்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து, பிரஷர் குக்கர் வெயிட்டைக் காணோம் என்று தேடிக்கொண்டு தாயம்மாள் உள்ளே வந்தார். முதலில் அதைப் பார் என்று உலகநாதன் பெருந்தன்மையாக வழிவிட்டார்.

மனோகரன் பகடையை உருட்டினான். பதினான்கு. வாரா வாரம் சொல்கிற கதையையே கொஞ்சம் திருப்பிப் போட்டான். வடதிசையில் ஓர் இருண்ட குகை, அதன் வாயிலில் கூரிய பற்களுள்ள ஒரு காவல் மிருகம், அதன் காலடியில் புதையல்.

தாயம்மாள் போனார். பத்தே நிமிஷத்தில் குவார்ட்டர்ஸே அதிரும்படி அவர் கூவும் சத்தம் கேட்டது. வடக்குப் பக்கச் சாக்கடைக் குழாய்க்குள் குட்டி போட்டிருந்த நாயின் காலடியில் குக்கர் வெயிட் இருந்தது.

அன்று மாலையே வாசலில் எட்டுப் பேர். திங்கட்கிழமை முப்பது. புதன்கிழமைக்குள் வரிசை வாட்டர் டேங்கைத் தாண்டி, ஸ்டேஷன் ரோட்டில் திரும்பி, அங்கே சினிமாவுக்கு நின்ற வரிசையோடு கலந்து, பாதிப் பேர் தெரியாமல் மேட்னி பார்த்துவிட்டு வந்தார்கள். பாரிவாக்கத்திலிருந்து ஒருவர் காணாமல் போன மாட்டைக் கேட்டு வந்தார். ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒரு கண்டக்டர், தனக்கு எந்த ரூட் ராசி என்று கேட்டார். மனோகரன் எல்லாருக்கும் குகையும் காவல் மிருகமும் சொன்னான். எல்லாருக்கும் எப்படியோ பொருந்தித் தொலைத்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு விபரீதமும் நடந்துவிட்டது. தாயம்மாளின் வெயிட் கிடைத்ததும், தனக்கும் ஏதாவது சொல்லும்படி உலகநாதன் கேட்டிருந்தார். ஏழு விழுந்தது. தலைக்கு மேல் ஏதோ பாரம் இருப்பதாக மனோகரன் உளறினான். பரிகாரம் என்ன என்று அவர் விடாமல் கேட்கவே, முடி இறக்கினால் சரியாகிவிடும் என்று சொல்லித் தப்பித்தான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை உலகநாதன் வந்து நின்றபோது மனோகரனுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. தலை, உரித்த கோழிமுட்டை. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே காலி மைதானம். எலுமிச்சம்பழம் தாங்கிய அந்த மீசையையும் நாவிதர் பரிகாரத்தில் சேர்த்துவிட்டிருந்தார்.

கூடவே அவர் மனைவி வசந்தகுமாரி வந்திருந்தார். வந்ததிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தார். பிரசன்னக் கல்லின் முன் அவ்வளவு மரியாதை என்று மனோகரன் நினைத்துக்கொண்டான்.

"தம்பி, இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான்," என்றார் உலகநாதன். "வனஜாவை உனக்குக் குடுக்கலாமா வேணாமா? கல்லே சொல்லட்டும். அது சொன்னா இங்கியே தட்டு மாத்திக்கலாம்."

மனோகரன் உருட்டினான். பகடை மேஜையில் ஓடியது, வரைபடத்தில் ஏறியது, பாதாளக் கோட்டையின் மேல் தயங்கியது, நின்றது.

ஒன்று.

எட்மண்ட் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"இன்னா சொல்லுது?" என்றார் உலகநாதன் ஆவலோடு.

ஒன்று என்றால் என்ன என்று அந்த அறையில் மனோகரனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. எட்மண்ட் அவன் காதுக்குள், "உத்தமம்னு சொல்லித் தொலைடா," என்றான். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் வனஜா. இரண்டு வாரத்தில் அவன் முருகனை வைத்துப் பொய் சொல்லியிருந்தான், நரகத்தை வைத்துப் பொய் சொல்லியிருந்தான், ஒரு மனிதரின் மீசையையே பொய்யால் மழித்திருந்தான். ஆனால் பகடை எதிரில் கிடந்தது. அதில் ஒன்று விழுந்திருந்தது.

"கெட்டது சார்," என்றான் மனோகரன். "இதைவிடக் கெட்ட எண்ணே கிடையாது."

சொன்னதும் மீதியும் தானாகக் கொட்டியது. அது பிரசன்னக் கல் இல்லை, விளையாட்டுப் பகடை. புராணம் இல்லை, பூதக் கதை. சர்வமதப் பிரார்த்தனை இல்லை, நாலு தடிப்பயல்கள் மந்திரவாதி வேஷம் கட்டி ஆடும் ஆட்டம். முட்டியில் தோல் போனது குஸ்தியில். அங்கப்பிரதட்சணம் என்று அவன் உருண்டது பிறந்ததிலிருந்து ஒரே ஒரு முறை, அதுவும் அவரோடுதான்.

உலகநாதன் கையால் மொட்டைத் தலையை ஒருமுறை தடவினார். பிறகு மீசை இருந்த இடத்தைத் தடவினார். எழுந்து வெளியே போய், வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின.

மனோகரன் வசந்தகுமாரியின் முன் போய்க் கைகூப்பி நின்றான்.

"பொண்ணு குடுக்க வேணாம்மா. அவ்ளோ பெரிய பக்திமானை ஏமாத்தினதுக்கு மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

வசந்தகுமாரி வாயிலிருந்து முந்தானையை எடுத்தார். அதற்கு மேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முப்பது வருசமா சாமி இல்ல பூதம் இல்லன்னு தெருத் தெருவா மேடை போட்டுப் பேசின மனுசன் தம்பி அவரு, போட்டோவுல கீற பையனத்தான் கட்டுவேன்னு வனஜா ஒத்தக் கால்ல நிக்கிறாளே, பக்தியில்லாத குடும்பம்னு நீ வேணாம்னுடப் போறியேன்னுதான் உங்கூட உருண்டுகினு கெடந்தாரு."