வெறுந்தாங்கி சொன்ன பதில்

எண்ணெய்த் தாங்கியிடம் யோசனை கேட்டுக் குடும்பம் நடத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்: சீனக்குடா டாங்கி நானா. அந்தத் தாங்கியின் பெயரில் அவரிடம் பொய் சொன்னவன் நான்.

பெரிய கப்பலும் கரையோரம் வரை வரக்கூடிய ஆழம் எங்கள் குடாவுக்கு. அதை நம்பித்தான் வெள்ளைக்காரன் காட்டுக்குள் வரிசையாக இரும்புத் தாங்கிகளைக் கட்டிவிட்டுப் போனான். பல தாங்கிகள் வெறுமையாகத் துருப்பிடித்துக் கிடந்தன. அங்கே நான் பொறியியலாளர். கிண்ணியாக்காரரான நானா காவலாளி. வெறுந்தாங்கியின் துளையில் வாயை வைத்துக் கேள்வி கேட்பார். எதிரொலி கடைசிச் சொல்லைத் திருப்பித் தரும்.

"ஆட்டை விக்கவா, வேணாமா?"

"வேணாமா... வேணாமா..."

"பாத்தீங்களா சேர்! வேணாமாம்."

எண்ணெய் உள்ள தாங்கிகளிடம் கேட்கமாட்டார். "வயிறு நிறைஞ்சவன்ட கதைய நம்ப ஏலாது சேர்." உலகப் போரில் ஜப்பான் விமானம் விழுந்து எரிந்த தாங்கியின் பக்கமே போகமாட்டார். "அதுக்கு இன்னும் கோவம் ஆறல்ல."

ஒருநாள் வெறுந்தாங்கி ஒன்றுக்குள் நின்று துருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர் குரல்.

"என்ட மகன் திரும்பி வருவானா?"

அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு வளைகுடாவின் எண்ணெய் வயலுக்குப் போன மகன். ஒரு போன்கூட இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குறும்பு அடங்கவில்லை. "வருவான்" என்று முழங்கினேன். சிகரெட் குடித்த நெஞ்சு. கூடவே இருமலும் வந்தது.

அன்றிலிருந்து நானா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வருடங்கள் ஓடின. ஓய்வு பெற்றார், மனைவியும் காலமானார். அந்தத் தாங்கிக்கருகே ஒரு குடிசையில் தனியாக இருந்தார். தோப்பூரிலிருந்து மகள் வந்து கெஞ்சுவாள். "வாப்பா, எங்களோட வந்திருங்க."

"நான் போனா, அவன் வந்து யார்ட கதவத் தட்டுவான்?"

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். "மன்னிச்சிருங்க நானா. இனியாவது மகளிட்டப் போங்க."

அவர் சிரித்தார். "தெரியும் சேர். எந்த டாங்கி இருமும்?"

"பிறகேன் இங்க இருந்தீங்க?"

"எல்லாரும் வரமாட்டான் எண்டுதான் சொன்னாங்க. நீங்க ஒராள்தான் வருவான் எண்டீங்க." என் கையைப் பிடித்தார். "சரி, மகளிட்டப் போறன். அதுக்கு முன்ன இன்னொருக்கா உள்ள போய்ச் சொல்லுங்க."

குனிந்து உள்ளே போனேன். வெளியே அதே கேள்வி. இந்தமுறை இருமல் வரவில்லை. குரலும் வரவில்லை.

நானா மறுபடியும் துளையில் வாயை வைத்தார்.

"ஓம் சேர், கேட்டுது. இருட்டுக்க நிக்காம வெளிய வாங்க."