வீடு நிறைய ஆள்

"அக்கா, பணக்காரங்க வீட்ல மட்டும் பின்னால இருக்கிறதெல்லாம் ஏன் மங்கலா இருக்கு?"

ரப்பர் தோட்டத்து வீட்டில் தொலைக்காட்சிப் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது கோலின் ஒருமுறை இப்படிக் கேட்டான். சின்னப் பையன். அக்கா அகதாவுக்கு அன்று பதில் தெரியவில்லை. ஈப்போவில் கல்யாண வீடியோ எடுக்கும் தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. லென்ஸை அகலத் திறந்துவிட்டால் முகம் மட்டும் தெளிவாக நிற்கும். பின்னால் மழைநீர் ஒழுகிக் கறைபட்ட சுவர்கூடப் பட்டுத்துணி மாதிரி குழைந்துவிடும். அதற்குப் பணக்காரர் வீடே தேவையில்லை.

பதிலைச் சொல்லத்தான் தம்பி பக்கத்தில் இல்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனவன். அப்பா இறந்தபோது நோய்க்காலம், விமானங்கள் பறக்கவில்லை. அதற்குப் பிறகு அவனாகவே வரக் கூச்சப்பட்டான்.

இந்தக் கிறிஸ்துமஸுக்காவது அவன் வர வேண்டும். அதற்காகத்தான் ஈப்போ சிலிபினில் அம்மாவும் அகதாவும் இருந்த வீட்டில் ஒரு வாழ்த்துப் படம் தயாரானது.

"வீடு நல்லா தெரியணும்," என்றார் அம்மா. "இல்லாட்டி காசுக்குத்தான் கூப்பிடுறோம்னு நெனச்சிடுவான். நான் வீல் சேர்ல இருக்கிறதும் தெரியக்கூடாது. கெஞ்சி வரவழைக்கிற மாதிரி ஆயிடும்."

கல்யாண மேடையில் போடும் நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி, அதில் அம்மாவை உட்கார வைத்தாள் அகதா. பாசார் மீன்கடையில் மீன் வைக்கும் வெள்ளைப் பெட்டியின் மூடியை ஜன்னலோரம் சாய்த்ததும் வெளிச்சம் அம்மாவின் கன்னத்தில் மெதுவாக விழுந்தது. தூரத்தில் தொங்கவிட்ட சின்ன விளக்குகள் பொன்வட்டங்களாயின. காலியான வீல் சேரில் கேமராவை வைத்துத் தள்ளினாள். படம் தண்ணீரில் போவது போல் வழுக்கிக்கொண்டு போனது.

அம்மா பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "என்னடி இது? பேப்பர்ல நினைவஞ்சலி போட்ட மாதிரி தனியா உக்காந்திருக்கேன்."

ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக் காளியம்மாவும் அவள் கணவர் சின்னையாவும் வந்தார்கள்.

"ரெண்டு பேர்தானே இருக்கோம்?" என்றார் சின்னையா.

"போதும், அண்ணே. அம்மாவுக்குப் பின்னால நடந்து போங்க. குசினி வழியா சுத்தி வந்து, உடுப்ப மாத்திக்கிட்டு மறுபடியும் நடங்க. மங்கலாத்தான் தெரியும்."

"மங்கலாத் தெரியறதுக்கு எனக்கு எதுக்கு இந்தப் பட்டுச் சேல?" என்றாள் காளியம்மா.

"கூட்டத்துல வசதியானவங்களும் இருக்கணும்லா, அக்கா!"

மூன்றாவது சுற்றில் கணவனும் மனைவியும் எதிரெதிராக வந்து சமையலறை வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

"கண்ணு எங்கயா இருக்கு?"

"நீ யாருன்னே அடையாளம் தெரியல. சேலய மாத்திட்டியே!"

அந்தச் சிரிப்பையும் அகதா பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். இருபது பேர் சிரிப்பது போல் கேட்டது. படத்தை அன்றே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பதில் வந்தது. 'வீடு நிறைய ஆள். பார்க்கவே சந்தோஷமா இருக்கு. நான் இல்லாத குறையே தெரியல. எல்லாரும் நல்லா இருங்க.'

அகதா அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். "அம்மா, உண்மைய எழுதிடவா?"

"வேணாம். நீ ஒன்னும் கெஞ்சாத," என்று ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார் அம்மா.

அடுத்த நாள் லூமுட்டில் ஒரு கல்யாண வேலை. அங்கே மணப்பெண்ணை அவள் தம்பி கைபிடித்து அழைத்து வந்தபோது, அகதாவின் கண்ணுக்கு லென்ஸில் எல்லாமே மங்கலாகத் தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, வாசல் கேட்டில் ஒரு பையோடு கோலின் நின்றான்.

நேராக உள்ளே போய், வீல் சேருக்கு முன்னால் மண்டியிட்டு அம்மாவின் மடியில் முகத்தை வைத்தான். அம்மா அவன் தலையைத் தடவினார். "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.

அகதா அவனை வாசலுக்கு இழுத்து வந்தாள். "குறையே தெரியலன்னு எழுதினியே?"

"அப்புறம் காளியம்மா அக்காகிட்டேர்ந்து இன்னொன்னு வந்துச்சே!"

கைப்பேசியைக் காட்டினான். கோணலும் ஆட்டமுமாக ஒரு வீடியோ. மீன் பெட்டி மூடி, பெயர்ந்த சுவர் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சின்னையா மூலையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். வீல் சேரில் அம்மா வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்: "எத்தன பேரு நடந்தா என்ன, காளி? அவன் ஒருத்தன் நடந்து வர்ற மாதிரி வருமா?"

"அம்மாவுக்குத் தெரியாம எடுத்திருக்காங்க, அக்கா," என்றான் கோலின். "இதுல ஒரு பொய்யும் இல்ல."

அந்த வீடியோவில் அகதா மட்டும் இல்லை. படம் எடுத்த அன்று, தான் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அம்மாவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒருவருக்கும் சொல்லாமல், கேக்கில் பெரிய பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாகக் காளியம்மா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அம்மாவுக்குத் தெரியாம எடுத்து அனுப்பி எங்க வீட்டயே காப்பாத்திட்டீங்க. இந்தக் கடன எப்படி அடைப்பேன்?"

காளியம்மா கேக்கை வாங்கிக்கொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"தெரியாமலயா? நீ லூமுட் போன அன்னிக்கு எங்கள வரச் சொல்லி, 'கைய நல்லா ஆட்டிப் பிடி, காளி'ன்னு நாலு தடவ எடுக்க வச்சதே உங்கம்மாதான்லா!"