லிஃப்ட் வராத ஜாம்பி படம்

"படம் இன்னும் முடியலை. லிஃப்ட்காரர் வரவே இல்லையே!" என்று நாற்காலியை விட்டு எழ மறுத்தார் லிஃப்ட் மெக்கானிக்.

திரையில் பெயர்கள் ஓடி முடிந்து, விளக்கும் போட்டாகிவிட்டது. கைப்பையை மாட்டிக்கொண்டு நின்ற மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாருங்க லிஃப்ட்காரர்?"

"ஹீரோவே அவர்தான்! ஆஸ்பத்திரியில அத்தனை ஜாம்பியும் லிஃப்ட்டுக்குள்ள ஏறிடும். மெக்கானிக் ஒரே ஒரு ஒயரைப் பிடுங்குவார். எல்லாம் நடுவுல மாட்டிக்கும். ஸ்குரூ டிரைவரைத் துடைச்சுப் பையில வெச்சுக்கிட்டு அவர் பாட்டுக்குப் போவார். அதை விட்டுட்டு இது என்ன ரீமேக்? போதாததுக்கு ஜாம்பி ஓடுது! செத்தவனுக்கு என்ன அவசரம்?"

பேய்ப் படங்கள் நூற்றுக்கணக்கில் பார்த்தவர் அவர். ஜாம்பி விஷயத்தில் வேலை செய்யும் இடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். எட்டு வயதில், அக்காவோடு போய் அந்தப் பழைய படத்தைப் பார்த்த அன்றே தம் தொழிலை முடிவு செய்துவிட்டார். வீட்டில் பாங்க் வேலைக்குப் போகச் சொன்னார்கள். அவர் கிரீஸ் டப்பாவைத் தூக்கினார். அப்பேர்ப்பட்ட லிஃப்ட்காரரையே படத்திலிருந்து தூக்கிவிட்டால் வயிறு எரியாதா?

தியேட்டர் மேனேஜர் வந்தார்.

"முக்கியமான சீனை வெட்டிட்டீங்க சார்."

"நாங்க எதையும் வெட்டலை சார். கம்பெனி அனுப்பினதை அப்படியே போடறோம்."

"அப்ப கம்பெனி வெட்டியிருக்கு!"

இதைச் சற்று உரக்கச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வெட்டிய சீனைப் போட்டால்தான் எழுந்திருப்போம் என்றார்கள். வெளியே அடுத்த காட்சிக்கு நின்ற கூட்டம், உள்ளே ஏதோ கூடுதலாகக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு முண்டியடித்து நுழைந்தது. ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர்.

மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், சும்மா சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எல்லாரும் போயிடுவாங்க."

"சும்மாவா? என் வாழ்க்கையே அந்த சீன்தான் சார்! இருங்க, பழைய படத்தைக் கொண்டுவந்து காட்டறேன்."

வீட்டுக்கு ஓடி சிடியைக் கொண்டுவந்தார். வாங்கிப் பத்து வருஷமாகியும் மேலுறை பிரிக்காத சிடி. முதல் தடவை பார்த்தது மனதில் அப்படியே இருக்கட்டும் என்று வைராக்கியமாக இருந்தவர், இன்று பல்லால் கடித்துப் பிரித்தார்.

மேனேஜர் அறையில் படம் ஓடியது. கூட்டத்தின் சார்பில் ஐந்து பேர் மேஜை மேலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். எண்பது நிமிடம். அதிலும் ஜாம்பிகள் ஓடின, இன்னும் வேகமாக. லிஃப்ட் மட்டும் வரவில்லை. வர வழியும் இல்லை.

"மாடியே இல்லாத ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் எதுக்குங்க?" என்றாள் மனைவி.

மெக்கானிக்குக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. "மாடியையும் சேர்த்து வெட்டிட்டாங்களோ?" என்றார் மெல்ல. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. அப்படி ஒருவர் இல்லவே இல்லையென்றால், இருபத்தாறு வருஷமாக யாரை நினைத்துக்கொண்டு லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கினோம்? அழுகையே வந்துவிடும்போலிருந்தது.

"என்கிட்ட சாட்சி இருக்கு!" என்று அக்காவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அக்கா, சின்ன வயசுல நாம பார்த்தோமே ஜாம்பி படம், அதுல வர்ற லிஃப்ட்காரரை ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? ஒயரைப் பிடுங்குவாரே!"

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேஜை மேலிருந்த ஐவரும் எழுந்து நின்றார்கள்.

"அப்படிச் சொல்லுக்கா! படத்துல அப்படி ஒருத்தரே இல்லைன்னு இங்கே சாதிக்கறாங்க."

"படத்துல எப்படிடா இருப்பார்? நீ முதல் ஜாம்பியைப் பார்த்ததுமே என் மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டு, 'இப்ப என்ன ஆச்சு, இப்ப என்ன ஆச்சு'ன்னு உயிரை வாங்கினே. நானும் கண்ணை இறுக்க மூடிட்டிருந்தேன், வேற என்னத்தைச் சொல்றது?"